புத்தகத்தை மூடிய பிறகுதான் மீள்பார்வை



எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் மாதங்களில் மூவாரில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். மேசைமேல் அறிவியல் புத்தகம். பக்கமெல்லாம் மஞ்சள், பச்சை, ரோஸ் நிறக் கோடுகள். பிள்ளை அதே பாடத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறான். "படிச்சிட்டியா ஐயா?" என்று தாய் கேட்கிறார். "படிச்சிட்டேன்மா, எல்லாம் தெரியுது." தாய்க்கு நிம்மதி. மறுவாரம் பள்ளியில் சோதனை. கேள்வியைப் பார்த்தால் எங்கேயோ படித்த ஞாபகம் இருக்கிறது. எழுத மட்டும் வரவில்லை.

பிள்ளை பொய் சொல்லவில்லை. ஒரு பக்கத்தைப் பலமுறை பார்த்தால் அது கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்தது என்று மனம் நம்பிவிடும். ஆனால் தேர்வுக் கூடத்தில் பக்கம் கண்முன் இருக்காதே!

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு கட்டுரைப் பகுதியை நான்கு தவணையும் படிக்க மட்டும் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தவணை படித்துவிட்டு, மூன்று தவணை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள்: 83 விழுக்காட்டுக்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. எஸ்.பி.எம். தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு இது முன்னைவிட முக்கியம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பி.டி.3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. இப்போது ஐந்தாம் படிவத்தில் உட்காரும் பிள்ளைக்கு நாடு முழுவதும் எழுதும் முதல் பொதுத்தேர்வே எஸ்.பி.எம்.தான். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் கட்டாயம் தேற வேண்டும். அறிவியலுக்கு அந்த நிபந்தனை இல்லை. அதனால் சில வீடுகளில் அறிவியல் பின்னுக்குப் போய்விடுகிறது. பிறகு மெட்ரிகுலேஷன் அறிவியல் பிரிவு, தாதியர் டிப்ளோமா என்று விண்ணப்பிக்கப் போகும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரிகிறது.

புத்தகத்தை மூடிவிட்டு என்ன செய்வது? மூவார் பிள்ளைக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஐந்தாம் படிவ இரசாயனத்தில் பாலிமர் பாடம் வரும். ரப்பர் பால் ஏன் உறைகிறது என்பது அதில் ஒரு கேள்வி. லானாட்ரோன் போன்ற சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மரம் வெட்டிய பாட்டி இன்றும் சில வீடுகளில் இருப்பார். பேத்தி புத்தகத்தை மூடிவிட்டு அவரிடம் போகட்டும்.

"பாட்டி, மங்குல இருக்கிற பால் ஏன் கட்டியாவுது?"

"விட்டுவச்சா கட்டியாயிடும்மா. ஆசிட் ஊத்துனா உடனே கட்டியாவும். கட்டியாவாம இருக்க அமோனியா ஊத்துவாங்க."

பாட்டி சொன்னது அத்தனையும் பாடத்தில் இருக்கிறது. 'ஏன்' என்பதைத்தான் பேத்தி சொல்ல வேண்டும். ரப்பர் துகள் ஒவ்வொன்றையும் சுற்றிப் புரதச் சவ்வு உண்டு. அதில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்கிறது. துகள்கள் மோதிச் சவ்வு உடைகிறது. உள்ளிருக்கும் ரப்பர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. சும்மா விட்டுவைத்த பாலில் பாக்டீரியா மெதுவாக அமிலத்தை உண்டாக்குகிறது. அமோனியாவில் உள்ள ஹைட்ராக்சைடு அயனி அந்த அமிலத்தைச் சமன்செய்துவிடுவதால் பால் பாலாகவே இருக்கிறது.

பாட்டிக்குத் தமிழில் இதைச் சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள். எந்த இடத்தில் தடுக்குகிறதோ, புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் படித்தால் போதும். முழுப் பாடத்தையும் மறுபடி ஓட்ட வேண்டியதில்லை.

ஆனால் விடைத்தாளைப் பாட்டி திருத்தப்போவதில்லை. புரிந்ததை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியாக வேண்டும். தமிழ்ப்பள்ளியில் உற்றறிதல், ஊகம், கருதுகோள் என்று படித்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் அவையே பெமெர்ஹாதியான், இன்ஃபெரென்ஸ், ஹிப்போதெசிஸ் என்று வருகின்றன. விஷயம் பழையது, பெயர்தான் புதிது. இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லாததால் எத்தனையோ பிள்ளைகள் இரண்டு தனிப்பாடமாகச் சுமக்கிறார்கள்.

கேள்வியின் முதல் சொல்லும் அப்படித்தான். 'ஞாத்தாகான்' என்றால் ஒரு வரி போதும். 'தெராங்கான்' என்றால் காரணம் வேண்டும். 'பண்டிங்கான்' என்றால் இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். 'ஆசிட் ஊற்றினால் பால் கட்டியாகும்' என்பது முதல் கேள்விக்குச் சரியான பதில். இரண்டாவதற்கு அது பாதிப் பதில்கூட இல்லை.

செய்முறைத் தேர்வும் மறந்துவிடக்கூடாது. 2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதல் இயற்பியல், இரசாயனம், உயிரியல் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் நேரடியாகச் செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. புரெட் அளவை இரண்டு தசம இடத்துக்கு எழுதுவது, அட்டவணைத் தலைப்பில் அலகு போடுவது எல்லாம் வாசித்து வருவதல்ல, கைப்பழக்கம். பள்ளி ஆய்வுக்கூடம் திறந்திருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும்.

கைத்தொலைபேசியில் சுற்றும் 'சோலான் ரமாலான்' பற்றி அதிகம் பேச வேண்டாம். எண்களை ஊகித்து லாட்டரி வாங்குபவருக்கும் அதை நம்பிப் படிப்பவருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. போன ஆண்டுகளின் கேள்வித்தாள் அப்படியல்ல. நேரம் வைத்து, விடையைப் பார்க்காமல் எழுதினால் அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தச்சுப் பட்டறையிலோ மின்னியல் தொழிற்சாலையிலோ வேலை முடித்துக் களைப்பாக வருவீர்கள். இரசாயனம் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. "புத்தகத்த மூடிட்டுச் சொல்லு ஐயா" என்று பத்து நிமிடம் கேட்டால் போதும். இன்று கேட்டதை இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை கேளுங்கள். முதல் நாள் வெள்ளைத்தாளில் மூன்று வரிக்குமேல் வராது. பிள்ளை சோர்ந்துபோய், "இதுக்குப் படிக்கிறதே மேல்" என்பான். அன்று மட்டும் திட்டாதீர்கள். அந்த மூன்று வரியையும் தேதி போட்டு எடுத்துவையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே கேள்விக்கு எழுதிய தாளோடு சேர்த்து அவனிடமே கொடுங்கள்.