பதிவேடு சொல்லும் சேதி
(ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். திங்களன்று இருவர் வரவில்லை. புதனன்று ஏழு பேர் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் குறித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறோம். அந்த ஏழு பேரும் ஏன் வரவில்லை என்று எப்போது கேட்கிறோம்?

இங்கிலாந்தில் எய்ஸ்கார்த் என்ற சிற்றூரில் வில்லியம் பிக்கிள்ஸ் என்னும் குடும்ப மருத்துவர் இருந்தார். 1929இல் அவருடைய பகுதியில் மஞ்சள் காமாலை பரவியது. காலையில் படுக்கையில் பார்த்த ஒரு பெண்ணை, அன்றே ஊர் விழாவில் கண்டு அவர் வியந்தார். அங்கே அவளோடு பழகிய சிலருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துக் காமாலை கண்டது. யார் யாரைச் சந்தித்தார் என்பது சிற்றூர் மருத்துவருக்குத் தெரியும். எனவே நோய் தொற்றிய நாளையும் வெளிப்பட்ட நாளையும் அவரால் கணக்கிட முடிந்தது. தொடர்ந்து குறித்துவந்தவற்றை 1939இல் நூலாக்கினார்.

ஒருவர் குறிப்பே இவ்வளவு சொன்னால், பலர் குறிப்புகள் சேர்ந்தால்? இங்கிலாந்தில் 1957 முதல் குடும்ப மருத்துவர்களின் பதிவுகளைத் தொகுத்து ஃபுளூ போன்ற நோய்களைக் கண்காணிக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மருத்துவரிடமும் பதிந்துள்ளோர் எண்ணிக்கை தெரியும். அதனால் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நோய் என்று கணக்கிட முடிகிறது. நோயில்லாத வாரமும் பதிவாவதால்தான் நோய் ஏறும் வாரம் கண்ணில் படுகிறது.

நம் வேலூர் வட்டாரத்திலும் 1980களில் பேராசிரியர் ஜேக்கப் ஜானின் முயற்சியால் மருத்துவர்கள் நோய்த் தகவலை அஞ்சலட்டையில் அனுப்பினார்கள். அவை தொகுக்கப்பட்டு, மாத இதழாக அவர்களுக்கே திரும்பின. எழுதி அனுப்பியது வீண்போகவில்லை என்று தெரிந்தால்தானே மறுமுறையும் எழுதக் கை வரும்!

நம் வருகைப் பதிவேட்டிலும் மொத்த எண்ணிக்கை உண்டு. வழக்கமாக எத்தனை பேர் வரமாட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். நோயின் பெயரைச் சொல்வது மருத்துவர் வேலை. எண்ணிக்கை திடீரென்று கூடுவதைக் கவனித்துக் காரணம் கேட்பது நம் வேலை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காமாலை என்று பலர் வராவிட்டால், அன்றே தலைமையாசிரியர் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரை வகுப்பில் சொல்லிக் கூச வைக்க வேண்டாம்.

ஒரு நாள் முந்திச் சொன்னால், குடிநீர்த் தொட்டியை ஒரு நாள் முந்திச் சோதிக்கலாம். எட்டாவது பிள்ளை படுக்கையில் விழாமல் தப்பலாம்.