பி.ஏ. இங்கிலீஷ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?

(பண்ணைக்காட்டில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் பூம்பாறை அக்கா ஒருவர் மகள் படிப்புக்கு உள்கடன் கேட்டார். பிள்ளை பிளஸ் டூ பாஸ். பி.ஏ. ஆங்கிலம்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இங்கிலீஷ் பேசறதுக்கா மூணு வருஷம்? நர்சிங்னா சோறு போடும்" என்று வீட்டில் சண்டை. நீங்களும் ஆளுக்கொன்று சொன்னீர்கள். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. சமூகப்பணி படிக்கும் முன்னே நான் படித்ததும் அதே பி.ஏ. ஆங்கிலம்தான்.

முதலில் ஒன்று. அது பேசக் கற்றுத்தரும் வகுப்பு இல்லை. ஷேக்ஸ்பியர் 400 வருஷத்துக்கு முன்னால் எழுதிய நாடகம், கவிதை, ஆர்.கே.நாராயண் மாதிரி நம்ம நாட்டு ஆட்கள் எழுதிய கதை, இலக்கணம் இதெல்லாம்தான் பாடம். கதை படிக்கப் பிடிக்காத பிள்ளைக்கு மூணு வருஷமும் தண்டனை. பேச மட்டும் வேண்டுமென்றால் சில மாதப் பயிற்சியே போதும்.

நான் தமிழ் மீடியம். முதல் ஆறு மாதம் வகுப்பில் ஒன்றும் புரியாது. விடுதியில் படுத்துக்கொண்டு அழுவேன். முதல் பருவத்தில் ரெண்டு பேப்பர் போச்சு. எங்கம்மா மட்டும் "திரும்ப எழுதிக்கலாம்டி"ன்னு சொன்னாங்க. டீக்கடையில் பழைய இங்கிலீஷ் பேப்பர் வாங்கி, அகராதியை வைத்து தினம் ஒரு பத்தி படித்தேன். ரெண்டாம் வருஷம்தான் கண் திறந்தது.

வேலைக்கு வருவோம். பட்டம் வாங்கிய மறுநாளே யாரும் கூப்பிட்டு வேலை தர மாட்டார்கள். பள்ளி ஆசிரியர் ஆக பி.எட். ரெண்டு வருஷம், அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கு மேல் போட்டித் தேர்வு. கல்லூரியில் பாடம் நடத்த எம்.ஏ.வும் நெட் அல்லது செட் தேர்வும் வேண்டும். எம்.ஏ.வுக்கு வெளியூர் போக வேண்டாம். 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நம்ம கொடைக்கானலிலேயே இருக்கு. குரூப் 2, வங்கித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் செல்லும். டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் கட்டாயம். அங்கே நம்ம பிள்ளைகள் பின்தங்கியவர்கள் இல்லை.

கொடைக்கானல் ஓட்டல்களில் வரவேற்பு வேலை உண்டு. சீசனில் ராத்திரி வேலையும் இருக்கும், கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். மொழிபெயர்ப்பு வேலையை இப்போது கம்ப்யூட்டரே பாதி செய்துவிடுகிறது. அதைத் திருத்தத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. நம்ம மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர் வியாபாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நர்சிங்கா இதுவா என்றால், சீக்கிரம் சம்பளம் வேண்டிய வீட்டுக்கு நர்சிங்தான் சரி. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ரத்தம் பார்த்தால் மயங்குகிற பிள்ளையைத் தள்ளிவிட்டால் பணமும் போகும், பிள்ளையும் வீட்டுக்குத் திரும்பும்.

செலவு விஷயம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். தண்டல்காரரிடம் மட்டும் போகாதீர்கள். பூம்பாறை அக்கா, அடுத்த கூட்டத்துக்கு மகளையும் கூட்டிட்டு வாங்க. கடன் தீர்மானம் எழுதறதுக்கு முன்னே அவளிடம் நாலு வார்த்தை கேட்போம்.