மகாலுக்கு வெளியே மகால்

மதுரைக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் மீனாட்சியம்மனைத் தரிசித்த கையோடு திருமலை நாயக்கர் மகாலுக்கும் போவார்கள். 1636-ஆம் ஆண்டு மன்னர் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனை. திறந்த பெரிய முற்றம், சுற்றிலும் கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத தூண்கள். எதிரே சொர்க்கவிலாசம் என்ற மண்டபம். அங்கே நின்று கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். அவ்வளவு பெரிய குவிமாடத்துக்கு இரும்பும் இல்லை, மரச்சட்டமும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான் தாங்கி நிற்கின்றன.

ஆனால் நாம் பார்ப்பது அன்றைய அரண்மனையில் ஏறத்தாழ கால்வாசிதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, இங்கிருந்து நிறையப் பெயர்த்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். மிச்சமும் பாழாகிக் கிடந்ததை 19-ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். அந்த நல்ல காரியம் நடந்திராவிட்டால் இன்று இதுவும் இல்லை.

போனதில் ஒரு துண்டு ஊருக்குள்ளேயே இருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைச் சந்துக்குள் போனால், சேலை மூட்டைகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே வரிசையாகப் பத்துக் கல்தூண்கள், மேலே கூரையில்லாமல் நிற்கும். அரண்மனை அதுவரைக்கும் பரந்திருந்தது! மகாலிலிருந்து நடந்தே போய்விடலாம். பத்துத்தூண் என்று கேட்டால் யாரும் வழிகாட்டுவார்கள். பிள்ளைகளைக் கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போங்கள். தூணில் பேர் மட்டும் கிறுக்க விடாதீர்கள்.