இலச்சினை வரையும் கை
(அரியாங்குப்பத்தில் ஆற்றிய விழா உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வூரின் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. அருகன்மேடு என்னும் பெயரே காலப்போக்கில் அவ்வாறு மருவியது என்று கருதுவோரும் உளர். 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, இத்தாலியிலிருந்து கடல் கடந்து வந்த சிவப்பு மட்கலங்களின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றில் சிறிய முத்திரைகள் இருந்தன. விபியே, கமுரி, இட்டா என்று அவற்றைப் படித்தனர். அவை கலம் வனைந்தோரின் பெயர்கள். "இது எம் பட்டறைச் சரக்கு" என்று அறிவிக்க ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் ஒரு குயவர் இட்ட குறி, அவ்விடத்தின் காலத்தைக் கணிக்கவே பிற்காலத்தில் துணை நின்றது.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டப் பொதிகளின்மேல் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சமணர்க்கோ இச்செய்தி இன்னும் நெருக்கமானது. தீர்த்தங்கரர் திருமேனிகள் தோற்றத்தில் பெரிதும் ஒத்திருப்பவை. பீடத்தில் எருதைக் கண்டால் ஆதிநாதர், பிறையைக் கண்டால் சந்திரப்பிரபர், சங்கைக் கண்டால் நேமிநாதர், சிங்கத்தைக் கண்டால் மகாவீரர் என்று சிறு குழந்தையும் அறிந்து கைகூப்புகிறது. எழுத்தறியாத மூதாட்டிக்கும் விளங்கும் அக்குறிக்கு இலாஞ்சனம் என்று பெயர். இன்று நிறுவனங்களும் அணிகளும் தாங்கும் குறியைத் தமிழில் இலச்சினை என்கின்றனர். ஓசையிலும் பொருளிலும் இவ்விரு சொற்களும் எவ்வளவு நெருங்கியவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய மரபுடைய வீடுகளில்தான், வரைவதில் நாட்டமுள்ள பிள்ளையைப் பார்த்து, "இது சோறு போடுமா?" என்று கேட்கிறார்கள். கேட்பது தவறன்று. அக்கேள்விக்கு உரிய விடையை அறியாதிருப்பதே குறை.

இன்று இலச்சினைக்குப் பேரரங்கு விளையாட்டுத்துறை. 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியது. 2014-இல் புரோ கபடியும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தும், 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் வந்தன. புதுச்சேரி அணியும் 2018-19 பருவத்தில் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. ஒவ்வோர் அணிக்கும் இலச்சினை வேண்டும்; சீருடை, நுழைவுச்சீட்டு, அரங்கின் வழிகாட்டிப் பலகை, சுவரொட்டி, தொலைக்காட்சித் திரையில் ஓட்டக்கணக்கு காட்டும் பட்டை, கைப்பேசியில் உலவும் படம் ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றை ஆக்குபவரே வரைகலைஞர்.

பணியின் இயல்பைச் சற்று உற்று நோக்கலாம். இலச்சினை சட்டைப் பொத்தான் அளவிலும் தெளிவாக இருக்க வேண்டும். அரங்கின் உச்சியில் இருபது அடி உயரத்திலும் சிதையாதிருக்க வேண்டும். அதே மஞ்சள், துணியில் ஒன்றாகவும் தாளில் ஒன்றாகவும் திரையில் ஒன்றாகவும் தோன்றும். அச்சு நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது. திரை மூன்று ஒளிகளால் காட்டுகிறது. எனவே ஒவ்வொரு நிறத்துக்கும் எண் குறித்து, எங்கே எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று விதிநூல் ஒன்றையே தொகுக்கின்றனர். ஆட்ட நாளிலோ நேரமே எதிரி. நாணயம் சுண்டிய சில நிமிடங்களில் அணிப்பட்டியல் படமாக வெளிவர வேண்டும். வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என இரு படங்களை முன்னரே ஆக்கி வைத்துக் காத்திருப்பது இத்தொழிலில் வழக்கம். மாலையும் இரவும் விடுமுறை நாளும் உழைக்கும் நாளாகும் தொழில் இது என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முன்கூட்டியே அறிதல் நன்று.

சிறந்த சான்று தொலைவில் இல்லை. 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் 2022 சூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நடந்தது. மாஸ்கோவில் நடக்கவிருந்த போட்டி உக்ரைன் போரால் இடம் மாறிச் சென்னைக்குக் கிட்டியது அவ்வாண்டு மார்ச்சில்தான். கையில் இருந்தவை ஏறத்தாழ நான்கு மாதங்கள். அக்குறுகிய காலத்தில் பிறந்தவன் "தம்பி". குதிரை முகம், வேட்டி சட்டை, கூப்பிய கைகள். குதிரை முகம் சதுரங்கத்தைச் சொல்லிற்று. வேட்டி நாட்டைச் சொல்லிற்று. கூப்பிய கை வரவேற்பைச் சொல்லிற்று. 180-க்கும் மேற்பட்ட நாட்டினர்க்கு ஒரு சொல்லும் இன்றி மூன்று செய்திகளை அவன் உணர்த்தினான். சென்னை நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் சதுரங்கப் பலகையாயிற்று. தமிழ் மண்ணின் தோற்றத்தைக் கொண்டே உலகை வரவேற்க இயலும் என்பதை அவ்வண்ணமும் வடிவமும் காட்டின.

இவ்வாறு சொல்லின்றி உணர்த்தும் கலை, 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் பெருவளர்ச்சி கண்டது. சப்பானிய எழுத்தைப் படிக்க இயலாத அயல்நாட்டார்க்கு வழிகாட்ட, கட்சுமி மசாரு என்பாரின் தலைமையில் இளங்கலைஞர்கள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு படக்குறி வரைந்தனர். பணி முடிந்ததும், எல்லா மக்களுக்கும் பயன்படட்டும் என்று அவற்றின் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தனர். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்குக்காக ஓட்டல் ஐச்சர் என்னும் செருமானியக் கலைஞர், மனித உடலை ஒரு வட்டத் தலையும் சில நேர்கோடுகளுமாகச் சுருக்கினார். இன்று விமான நிலையத்திலும் மருத்துவமனையிலும் காணும் படக்குறிகள் பலவும் அவ்வழி வந்தவையே.

இத்தொழிலுக்குச் செல்லும் வழி யாது? முதற்படி கணினியன்று, பென்சில். கையால் வரைந்து பழகாதவரைப் போட்டோஷாப்போ இல்லஸ்ட்ரேட்டரோ கலைஞராக்குவதில்லை. கலை பயில வெகுதொலைவு செல்லவும் வேண்டியதில்லை. அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் இவ்வரியாங்குப்பத்திலேயே இருக்கிறது. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் தோன்றிய பழம்பெரும் நிறுவனம். அகமதாபாத்தில் 1961-இல் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனக்கெனத் தேர்வு நடத்துகிறது. ஐ.ஐ.டி.களின் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கு 2015 முதல் யூசீட் என்னும் நுழைவுத் தேர்வு உண்டு. மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பயின்றோரேயன்றி வணிகவியலும் கலையும் பயின்றோரும் அதை எழுதலாம்.

கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமாரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று, மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புக் கற்று, தமிழ் எழுத்துருக்களை முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தவர் அவர். இந்திய ரூபாய்க்கு அவர் வரைந்த குறியை 2010 சூலை 15 அன்று நடுவண் அரசு ஏற்றது. அவர் விளையாட்டுத்துறையினர் அல்லர்; ஆயினும் தமிழெழுத்தின் வளைவும் நெளிவும் அறிந்த கை நாட்டின் பணத்துக்கே முகம் தந்தது என்பது மாணவர்க்கு ஊக்கமன்றோ? தமிழ் அணிகளுக்குத் தமிழெழுத்தை அழகுற வடிக்க வல்லவர் என்றும் தேவை.

பட்டத்தைவிடப் படைப்புத் தொகுப்பையே வேலை தருவோர் முதலில் கேட்கின்றனர். அதைத் தொடங்கப் பெரிய அணியின் அழைப்பு வேண்டியதில்லை. ஊர்க் கபடிப் போட்டியின் சுவரொட்டி, பள்ளி விளையாட்டு விழாவின் அழைப்பிதழ், தெருக் கைப்பந்துக் குழுவின் சீருடை ஆகிய மூன்றையும் செம்மையாகச் செய்தவரிடம் காட்டுவதற்குப் பொருள் இருக்கிறது.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். 1971-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் கரோலின் டேவிட்சன் என்னும் மாணவி, புதிதாகத் தோன்றிய காலணி நிறுவனம் ஒன்றுக்கு வளைந்த குறி ஒன்றை வரைந்தார். அவர் பெற்ற ஊதியம் 35 டாலர். அந்நிறுவனம் நைக்கி. 1983-இல் நிறுவனத்தார் அவரை அழைத்து, அக்குறி பொறித்த பொன்மோதிரமும் பங்குகளும் அளித்துச் சிறப்பித்தனர். எல்லா இளைஞர்க்கும் அத்தகைய பின்னாள் வாய்க்காது. எனவே ஊதியம் எவ்வளவு, திருத்தம் எத்தனை முறை, உரிமை யாருக்கு என்பவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே பணி தொடங்க வேண்டும். பிறர் எடுத்த ஒளிப்படத்தையும் விலைகொடாத எழுத்துருவையும் இணையத்திலிருந்து எடுத்தாளாமையும் அதே நேர்மையின் மறுபக்கம். கள்ளாமை என்னும் விரதம் கணினித் திரைக்கும் பொருந்தும்.

இனி, பெற்றோரின் நெஞ்சை உறுத்தும் கேள்வி. விளையாட்டு விளம்பரத்தில் எல்லாமே நல்ல பண்டங்கள் அல்லவே? உண்மை. 1990-களில் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் வில்ஸ் என்னும் சிகரெட்டின் பெயர் இருந்தது. 1996 உலகக் கோப்பையே அப்பெயரைத் தாங்கியது. எழுத்து அழகானது, நிறம் பொருத்தமானது, சுட்டிய பொருளோ நுரையீரலை அரிப்பது. அன்று அச்சட்டையை ஆசையோடு அணிந்தவர்கள் சிறுவர்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியதும், ட்ரீம் 11 இந்திய அணியின் சட்டையிலிருந்து விலகிற்று. அடுத்த மாதமே அவ்விடத்துக்கு அப்போலோ டயர்ஸ் வந்தது. சட்டம் வந்து நீக்கும்வரை, அத்தகைய விளம்பரங்களை அழகுபடுத்தியவர்களும் வரைகலைஞர்களே.

தென்னாப்பிரிக்க வீரர் ஆசிம் அம்லா தம் சமயநெறிக்கு ஒவ்வாத மதுபானச் சின்னத்தைச் சட்டையில் அணிய மறுத்தார். கிரிக்கெட் வாரியம் அதற்கு இசைந்தது. 2012-இல் இலண்டன் ஓவல் அரங்கில் ஆட்டமிழக்காமல் 311 ஓட்டங்கள் எடுத்து, டெஸ்ட் போட்டியில் முச்சதம் அடித்த முதல் தென்னாப்பிரிக்கர் ஆனார் அவர். மறுத்ததனால் அவர் ஆட்டம் குன்றவில்லை.

அணியும் வீரருக்கு மறுக்க இடமிருந்தது. வரையும் ஊழியர்க்கு அது எளிதன்று. மாதச் சம்பளமும் வீட்டுக்கடனும் வாயை அடைக்கும். ஆதலால், வரைய இயலாதவை எவை என்பதை வேலையில் சேரும் நாளிலேயே பணிவோடு சொல்லிவிடுதல் வேண்டும். மது, புகையிலை, சூது ஆகிய மூன்றுக்கும் கை கொடுப்பதில்லை என்று முதல் நாளில் சொல்பவரை மதித்து வேறு பணி தருவோர் உண்டு. அதனால் சில வாய்ப்புகள் நழுவவும் கூடும். அந்த இழப்பின்போது பிள்ளைக்குத் துணைநிற்க வேண்டியவர்கள் பெற்றோர். "அடுத்த வீட்டுப் பையன் எவ்வளவு வாங்குகிறான் தெரியுமா?" என்று அவர்கள் ஒப்பிடத் தொடங்கினால், பிள்ளையின் விரதம் வீட்டுக்குள்ளேயே முறிந்துவிடும்.

இவ்வாண்டு எந்த வீட்டிலேனும் ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் சிங்கமோ குதிரையோ வரைந்து கொண்டிருக்கலாம். அதைப் பறிக்க வேண்டா. நல்ல தாளும் நல்ல பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். ஒரு நாள் அப்பிள்ளையை அரிக்கமேட்டுக்கு அழைத்துச் சென்று, குறி பொறித்த ஓடுகளின் கதையைச் சொல்லுங்கள். பெயர் பொறித்த குயவர் அக்கலத்தின் தரத்துக்குப் பொறுப்பேற்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.