கயிலை யாத்திரைக்கு ஆயத்தமாதல்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சைவப் பெருமக்களின் உள்ளத்தில் கயிலை தரிசனம் நீங்காத வேட்கையாக உறைந்துள்ளது. முன்னோர் புராணப் படனத்தில் மட்டுமே கேட்டறிந்த அத்திருமலைக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களிலிருந்தும் இன்று அன்பர்கள் குழுவாகப் புறப்படுகின்றனர். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கி வைத்தவர்களும் அவர்களுள் உண்டு. வயது கூடியிருக்கும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடனிருக்கும். ஆகவே, கயிலைக்கு ஆயத்தமாதல் என்பது பெட்டி கட்டும் வேலையன்று. உயிரைக் காக்கும் கடமையாகும்.

முதற்கண் உயரத்தை உணர்தல் வேண்டும். மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய கினபாலு 4,095 மீட்டர். மானசரோவர் ஏரியோ ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதாவது, கினபாலு உச்சியினும் உயர்ந்த இடத்தில்தான் யாத்திரிகர் இரவில் உறங்க வேண்டியுள்ளது. மலையை வலம்வரும் 52 கிலோமீட்டர் பாதையில் டோல்மா கணவாய் ஏறத்தாழ 5,630 மீட்டர் உயரமுடையது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கிள்ளான் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதியே.

இந்திய அரசு 1981 முதல் நடத்திவரும் யாத்திரை 2020 தொடங்கி ஐந்தாண்டுகள் தடைபட்டு, 2025-இல் மீண்டும் தொடங்கியது. அதில் 18 முதல் 70 வயதுக்குட்பட்டோர்க்கே இடமுண்டு. டில்லியில் ஒரு முறையும், வழியிலுள்ள மலை முகாமில் மற்றொரு முறையும் மருத்துவப் பரிசோதனை நடைபெறும். தேறாதவர் எத்துணைப் பக்தராயினும் திருப்பி அனுப்பப்படுவர். ஆனால், அந்த யாத்திரை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. மலேசிய அன்பர்கள் நேப்பாளம் வழியாகவோ லாசா வழியாகவோ பயண நிறுவனங்களின் துணையுடன் செல்கின்றனர். திபெத்துக்குரிய தனி அனுமதிச் சீட்டையும் அந்நிறுவனங்களே பெற்றுத் தருகின்றன. அத்தகைய கண்டிப்பான பரிசோதனை இல்லாதவிடத்து, அதனைத் தாமே மேற்கொள்வது யாத்திரிகரின் பொறுப்பாகிறது.

ஆகவே, முன்பணம் கட்டுவதற்கு முன்னரே மருத்துவரை நாடுதல் நன்று. இதயமும் நுரையீரலும் ஆராயப்பட வேண்டும். இடம் கிடைக்காதோ என்றஞ்சி நோயை மறைப்பது, தம்மை மட்டுமன்றி உடன்வரும் குழுவினரையும் இடருக்குள்ளாக்கும் செயலாகும். உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரை அனைவர்க்கும் ஏற்றதன்று. மருத்துவர் சொற்படியே உட்கொள்ளத்தக்கது. இன்சுலின் உறைந்துபோனால் பயன்படாது. ஆதலால் அதனை உடலோடு ஒட்டி உடைக்குள் வைத்துக் காத்தல் வேண்டும். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் பிழை காட்டக்கூடும்.

நடைப்பயிற்சியை ஆறு திங்கள் முன்னதாகத் தொடங்கலாம். பத்துமலையின் 272 படிகளும், புக்கிட் காசிங் காட்டுப் பாதைகளும் அருகிலேயே உள்ளன. முதுகில் சிறு பை சுமந்து வாரம் சிலமுறை ஏறி இறங்கினால் கால்கள் உறுதிபெறும். எனினும் ஒன்றை மறத்தலாகாது. இப்பயிற்சி கால்களுக்கு வலுவூட்டுமேயன்றி, உயரத்தைத் தாங்கும் ஆற்றலைத் தராது. திடகாத்திரமான இளைஞரும் உயர நோய்க்கு ஆளாவதுண்டு. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூடுவதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வுநாள் அமைவதுமே மருத்துவ உலகம் கூறும் வழி. பயண நிரலைக் கையில் வாங்கியதும் விலையைப் பார்க்குமுன், எந்த இரவு எந்த உயரத்தில் என்று பார்த்தல் வேண்டும். நாள்கள் குறைவென்று பெருமை பேசும் நிரல் ஐயத்திற்குரியது. காப்புறுதிப் பத்திரம் அவ்வுயரத்திற்குச் செல்லுமா என்பதையும் வாசித்தறிதல் வேண்டும்.

இவையனைத்தினும் முக்கியமான ஆயத்தம் ஒன்றுண்டு. அது, எப்போது திரும்புவது என்பதை வீட்டிலிருக்கும்போதே முடிவு செய்தல். தலைவலியும் குமட்டலும் கண்டால் மேலே ஏறாது தங்க வேண்டும். ஓய்விலும் மூச்சு வாங்குதல், நடை தள்ளாடுதல், அறிவு தடுமாறுதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றிக் கீழே இறங்குவதே உயிர்காக்கும் மருந்து. ஆனால், அவ்வேளையில் நோயுற்றவரின் அறிவே தெளிவிழந்திருக்கும். “இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், பணமும் செலவாயிற்று, கோயிலில் என்ன சொல்வார்கள்” என்ற எண்ணமே மேலோங்கும். ஆதலின் குழுவில் இருவர் இருவராக இணைந்து, ஒருவர் ‘திரும்புக’ என்றால் மற்றவர் வாதிடாது பணிவதென்று புறப்படுமுன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தாரும், “தரிசனம் முடித்து வாருங்கள்” என்பதோடு, “முடியாவிடில் தயங்காது திரும்புங்கள்” என்றும் சொல்லி வழியனுப்புதல் வேண்டும்.

திரும்புதல் பக்திக் குறைவாகுமோ? சேக்கிழார் பெருமான் இதற்கு விடை தந்துள்ளார். கயிலை காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர், கால் தேய்ந்தும், கைகள் தேய்ந்தும், மார்பால் ஊர்ந்தும், இறுதியில் புரண்டும் சென்றார். முனிவர் வடிவில் தோன்றித் திரும்பிச் செல்லுமாறு சிவபெருமான் கூறியும் அவர் இசைந்திலர். பின்னர் இறைவன் ஆணைப்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் அவ்விழா நடைபெறுகிறது. அப்பரடிகளையே திருப்பி அனுப்பிய பெருமான், பாதிவழியில் திரும்பும் அடியவரை ஒருநாளும் குறைவாகக் கொள்ளான்.

எனவே, செல்வோரைப் பொன்னாடை போர்த்தி வழியனுப்பும் ஆலயங்கள், டோல்மா கணவாயைக் காணாது திரும்பியவரையும் அதே பொன்னாடையுடன் வரவேற்க வேண்டும். அவ்வழக்கம் ஒன்று வேரூன்றினால், உயிர்கள் பல காக்கப்படும்.