‘கரை ஒதுங்கின’ என்று எழுதலாமா?

(தமிழாசிரியர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில், பொம்மையார்பாளையத்தைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஆற்றிய உரை)



விலங்குகளிடம் மனிதர் எப்படி நடந்துகொள்வது நியாயம் என்ற கேள்வியை இந்த ஆண்டு எங்கள் இலக்கிய மன்றத்தில் எடுத்துக்கொண்டோம். படித்தோம், விவாதித்தோம், ஆளுக்கொரு கட்டுரை எழுதினோம். நான் எழுதியது எங்கள் கடலுக்கு வரும் பங்குனி ஆமையைப் பற்றி. அதை எழுதும்போது கற்றுக்கொண்ட மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, வினைச்சொல். ஆண்டுத் தொடக்க மாதங்களில் இந்த ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து கிடந்தன. ‘ஆமைகள் கரை ஒதுங்கின’ என்று பேசுவது நம் வழக்கம். கட்டையும் பாசியும் கூட ஒதுங்கத்தான் செய்கின்றன. ஆமைக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். மூச்சுவிட நீருக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் அகப்பட்டு மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டி இறந்துவிடும். ‘வலைக்குள் மூச்சு முட்டி இறந்தன’ என்று எழுதிப் பாருங்கள். உடனே அடுத்த கேள்வி வருகிறது: யாருடைய வலை?

இரண்டாவது, எழுவாய். ‘மீனவர்கள் ஆமைகளைக் கொல்கிறார்கள்’ என்று சிலர் சொல்கிறார்கள். நான் மீனவர் வீட்டுப் பெண். அப்பாவிடம் இதைச் சொன்னேன். “எந்த மீனவர்?” என்று கேட்டார். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் விதி. அப்பாவைப் போன்ற சிறு படகுக்காரர்களின் பிழைப்பு அந்த எல்லைக்குள்தான். விதியை மீறி உள்ளே வரும் படகு ஆமையைக் கொல்வதோடு நிற்பதில்லை. சிறு படகுக்காரரின் வலையையும் அறுத்துக்கொண்டு போகிறது. “எங்க வலையிலயும் ஆமை சிக்கும். அறுத்துத்தான் விடணும். அந்த நஷ்டத்தை யார் குடுப்பா?” என்றும் கேட்டார். அந்தக் கேள்வியையும் கட்டுரையில் சேர்த்தேன். ஆமைக்கு நியாயம் கேட்கும் கட்டுரை அப்பாவுக்கும் நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா?

மூன்றாவது, உணர்ச்சிச் சொல். பத்தாம் வகுப்பில் திணை வழுவமைதி படித்தோம். மகிழ்ச்சி மிகுதியால் பசுவை ‘அம்மை’ என்று உயர்திணையாகச் சொல்வதை இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. அன்புக்கு நம் இலக்கணம் விட்டிருக்கும் இடம் அது. ஆனால் கடலாமையை யாரும் அப்படி அழைப்பதில்லை. அது நம் தொழுவத்தில் வளர்வதில்லை. அன்பு பழகிய உயிரோடு நின்றுவிடலாம். நியாயம் பழகாத உயிருக்கும் வேண்டும். இங்கிலாந்து அறிஞர் ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியிட்ட நூலில், விலங்குக்குச் சிந்திக்கத் தெரியுமா, பேசத் தெரியுமா என்பதை விட்டுவிட்டு, அதற்கு வலிக்குமா என்று கேளுங்கள் என்றார். வலிக்கும் என்பதைக் காட்ட ‘ஐயோ பாவம்’ தேவைப்படவில்லை. வலைக்குள் நடப்பதை வரிசையாக எழுதினேன். வகுப்பில் வாசித்தபோது எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘விலங்குகளிடம் அன்பு’ என்ற பொதுத் தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் ஊரில் வாழும் ஓர் உயிரைத் தலைப்பாகக் கொடுங்கள். மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கழுவெளிப் பறவைகள் இருக்கின்றன. அந்தப் பறவைகள் சரணாலயம் 2024-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மலையோரப் பிள்ளைகளுக்கு யானையும் காட்டுப்பன்றியும் இருக்கின்றன. அந்த உயிரால் பிழைப்பு பாதிக்கப்படும் ஒருவரிடமும் பேசிவிட்டு வந்து எழுதச் சொல்லுங்கள். இரு பக்கமும் கேட்ட பிறகு எழுதும் வாக்கியத்தில் எந்தச் சொல்லையும் எளிதாகப் போட முடியாது. எனக்கு எழுத்துப் பயிற்சி அங்கேதான் கிடைத்தது.