மின்சில்லினுள் புல்லுருவிகள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. அதனைச் செவ்வனே செய்ய வல்லார் பலர் ஈண்டு அமர்ந்திருக்க, புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு எழுதும் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் மின்சில்லு வடிவமைக்கும் தொழிலில் இருக்கின்றனர். "தம்பி, அங்கே என்ன வேலை?" என்று வினவினால், "கம்பிகளைச் சரிபார்க்கிறேன்" என்கின்றனர். கேட்ட தந்தையாரின் முகம் வாடிவிடுகிறது. கம்பியைப் பார்ப்பதற்கா இத்தனை படிப்பு என்பது அவர்தம் கவலை. அக்கவலைக்கு இடமில்லை என்பதே நமது வழக்கு.

மின்சுற்றைத் தாளில் வரையும்போது கம்பி என்பது வெறுங்கோடு. ஒரு முனையில் இட்ட சைகை மறுமுனையில் அக்கணமே தோன்றும் என்று கொள்கிறோம். உண்மைக் கம்பி அத்தகையதன்று. அதற்கு மின்தடை உண்டு. அருகிலுள்ள கம்பியோடு சேர்ந்து மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கம் உண்டு. மின்னோட்டம் விரைந்து மாறுவதை எதிர்க்கும் மின்தூண்டமும் உண்டு. இம்மூன்றையும் எவரும் வரையவில்லை. விலை கொடுத்து வாங்கவுமில்லை. தாமே வந்து குடியேறியவை. மாமரத்துப் புல்லுருவியை யார் நட்டார்? எனினும், புல்லுருவியை வெட்டி எறியலாம். இவற்றை அங்ஙனம் செய்ய இயலாது. கம்பி உள்ளவரை இவையும் உண்டு.

இத்தொல்லை பழையது. 1858-இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பி வழியே விக்டோரியா அரசியார் விடுத்த 98 சொற்கள் கொண்ட வாழ்த்து, சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. உள்ளே செம்பு, வெளியே கடல்நீர். இரண்டும் சேர்ந்து ஒரு பெரும் மின்தேக்கியாகிவிட்டன. ஒவ்வொரு சைகையும் நீண்டு மழுங்கி அடுத்ததனோடு கலந்தது. கம்பியின் நீளம் இருமடங்கானால் இத்தாமதம் நான்கு மடங்காகும் என்பதை வில்லியம் தாம்சன் முன்னரே கணித்திருந்தார். சில்லினுள் ஓடும் மெல்லிய கம்பிக்கும் அதே கணக்குத்தான்!

ஆங்கு நீளம் சில மில்லிமீட்டரே ஆயினும், நேரமும் சுருங்கிவிட்டதன்றோ? நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும் சில்லில், ஒரு துடிப்பிற்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் செல்லும். மெதுவான சுற்று புல்லுருவியைப் பொறுத்துக்கொள்ளும். விரைவான சுற்று பொறுக்காது.

இனி, தரை எழும்பும் விந்தையைக் காண்போம். நமது குடியிருப்பில் காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டாரும் ஒருங்கே குழாயைத் திறந்தால் மாடி வீட்டுக்கு நீர் ஏறுவதில்லை. தொட்டியில் நீர் நிறைய உண்டு. வரும் வழிதான் குறுகியது. சில்லிலும் அவ்வாறே. எட்டு வெளிவாயில்கள் ஒரே நேரத்தில் 1-இலிருந்து 0-க்கு இறங்குகின்றன என்க. ஒவ்வொன்றும் 20 மில்லியாம்பியரை ஒரு நானோநொடிக்குள் ஒரே தரைக்கம்பியில் கொட்டுகிறது. அக்கம்பியின் மின்தூண்டம் 5 நானோஹென்றி எனில், பெருக்கிப் பார்க்க 0.8 வோல்ட் எழும். பழைய 5 வோல்ட் டி.டி.எல். சில்லுகளில் 0 என்று ஏற்பதற்கு உச்ச வரம்பே 0.8 வோல்ட்தான். ஆகவே, அமைதியாக 0 என்று நின்றிருந்த ஒன்பதாவது வாயிலின் சொல் ஐயத்திற்குரியதாகிறது. அதன்மேல் குற்றம் யாதுமில்லை. தனித்தனியே சோதித்தால் அனைத்தும் தேறிவிடும். கூடி உழைக்கும்போதுதான் பிழை. மாடி வீட்டார் குடத்தில் நீர் பிடித்து வைப்பதுபோல, சில்லின் அருகே சிறு மின்தேக்கிகளை வைப்பது இதற்கு மருந்து.

அண்டைக் கம்பியின் தொல்லை வேறு. நிலையத்தில் நிற்கும் வண்டியை, அடுத்த பாதையில் பறக்கும் விரைவு வண்டி அசைத்துச் செல்வதைக் கண்டிருக்கிறோம். அவ்வாறே, மௌனமான கம்பியில் பக்கத்துக் கம்பி ஒரு பொய்த் துடிப்பை எழுப்பிவிடும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் மாறினால் சைகை தாமதிக்கும். ஒரே திசையில் மாறினால் முந்தும். நம் செய்தி எப்போது சேரும் என்பதை அண்டை வீட்டான் முடிவு செய்கிறான்!

டிரான்சிஸ்டர் எத்தனை கோடி என்று பெருமை பேசும் செய்தித்தாள்கள் கம்பியைப் பற்றி மூச்சும் விடுவதில்லை. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க விரைவு பெற்றது. கம்பியோ மெலிய மெலியத் தடை மிகுந்தது. அலுமினியத்தை விடுத்துச் செம்புக் கம்பி இடும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1997-இல் அறிவித்தமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

சில்லை வார்த்தபின் உள்ளே கைவைத்துக் கம்பியை நகர்த்த முடியாது. அச்சு மீண்டும் செய்யப் பல கோடி ரூபாய் அழியும், மாதங்களும் கழியும். ஆதலின், வார்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு கம்பியின் தடையையும் தேக்கத்தையும் கணிப்பொறியால் கணக்கிட்டு, எங்கே இடைவெளி விடுவது, எங்கே நெடுங்கம்பியை இடைமறித்துச் சைகையைப் புதுப்பிப்பது, எந்தக் கம்பிக்கு இருபுறமும் தரைக்கம்பியைக் காவல் நிறுத்துவது என்று ஆராய்கின்றனர். நம் பிள்ளைகள் "கம்பிகளைச் சரிபார்க்கிறேன்" என்பது இவ்வேலையைத்தான்.